பாதை இல்லாத இடத்தில் பாதை தேடுவோருக்கு

(ஆட்-ஹாக் நெட்வொர்க் ரூட்டிங்கை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கும் பொறியியல் மாணவ மாணவியருக்கும் அவர்களுடைய கைடுகளுக்கும் ஒரு திறந்த மடல்)

அன்புள்ள மாணவ மாணவியரே,

கணினி அறிவியலோ மின்னணுத் தொடர்பியலோ படிக்கும் உங்களில் பலர் இந்த ஆண்டும் மொபைல் ஆட்-ஹாக் நெட்வொர்க்கைப் புராஜெக்டாக எடுத்திருப்பீர்கள். வைவா மேசையின் எதிர்ப்பக்கத்தில் தேர்வாளராக உட்காருகிறவன் என்ற முறையில் உங்கள் ரிப்போர்ட்டுகளை நான் தொடர்ந்து படித்து வருகிறேன். கோபுரம் கிடையாது, கேபிள் கிடையாது, நடுவில் இருந்து ஆணையிடும் சர்வரும் கிடையாது. ஒவ்வொரு ரேடியோவும் தன் செய்தியை அனுப்பும். அடுத்தவர் செய்தியையும் வாங்கிக் கடத்தும். இவ்வளவு அழகான பிரச்சினையை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் அத்தியாயத்தில், இந்த வலை போர்க்களத்தில் படைவீரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறீர்கள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அந்தப் போர்க்களம் வருவதே இல்லை. தரையும் மேடும் பள்ளமும் இல்லை, எதிரி இல்லை, படுத்துக்கொண்டு ரேடியோவைப் பிடித்திருக்கும் ஆளும் இல்லை. ஏஓடிவி என்ற நெறிமுறையில் ஒரு சிறு திருத்தம், நான்கு கிராஃப், 'நம் முறையே சிறந்தது' என்ற முடிவு, அவ்வளவுதான். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ராணுவ ரூட்டிங் என்பது இருக்கிற பாதைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும் அல்ல. பாதையே இல்லாமல் போகும் நேரத்தில், பேசினாலே ஆபத்து என்ற நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் அதன் மையக் கேள்வி. அந்தக் கேள்வியை உங்கள் புராஜெக்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்தத் துறை பிறந்ததே ராணுவத் தேவையால்தான். 1970களின் முற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, பாக்கெட் ரேடியோ திட்டத்தைத் தொடங்கியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கு இடையே ரேடியோவில் பாக்கெட் அனுப்பிக் காட்டிய அலோஹாநெட் அதற்கு முன்னோடி. அலோஹாநெட்டில் எல்லோரும் ஒரு மையத்தோடுதான் பேசினார்கள். டார்பாவில் பாப் கான் விரும்பியது வேறு: ஓடும் வண்டிகளில் இருக்கும் ரேடியோக்கள் ஒன்றின் பாக்கெட்டை இன்னொன்று வாங்கிக் கடத்திவிடும் வலை. எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு வேனுக்குள் ரேடியோவை ஏற்றினார்கள். 1976 ஆகஸ்ட் 27 அன்று கலிஃபோர்னியாவின் போர்ட்டோலா வேலியில் ஆல்பைன் இன் என்ற சாலையோர மதுவிடுதியின் வெளி மேசையில் டெர்மினலை வைத்து, வேனிலிருந்து ரேடியோ வழியே ஆர்பாநெட்டுக்குள் செய்தி அனுப்பினார்கள். 1977 நவம்பர் 22 அன்று அதே வேன் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியின் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்க, அதிலிருந்து கிளம்பிய பாக்கெட்டுகள் ரேடியோ வலை, ஆர்பாநெட், அட்லாண்டிக் செயற்கைக்கோள் வலை என்று மூன்று வலைகளைக் கடந்து, ஐரோப்பா போய்த் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பின. இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் மூன்று வலைகளை இணைத்துச் சோதிக்கப்பட்டது அன்றுதான். இதைச் சாதித்தவர்கள் ரேடியோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாலைக்கு இறங்கியவர்கள். அடுத்து 1980களில் டார்பா எடுத்த திட்டத்தின் பெயரே, தாக்குதலைத் தாண்டி உயிர்பிழைக்கும் ரேடியோ வலை என்று பொருள்படும். எதிரி அப்போதே கணக்குக்குள் வந்துவிட்டான். நம் ரிப்போர்ட்டுகளில்தான் அவனைக் காணோம்.

நீங்கள் பயன்படுத்தும் சோதனைக் களம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1998-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் குழு ஒன்று நான்கு நெறிமுறைகளை என்எஸ் சிமுலேட்டரில் ஒப்பிட்டது. 1500 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட தட்டைத் தரை, 50 நோடுகள், 900 விநாடி, அதிகபட்ச வேகம் விநாடிக்கு 20 மீட்டர். அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம். எல்லோரும் ஒரே அளவுகோலில் ஒப்பிட வழி கிடைத்தது. அதைச் செய்தவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும் அதே தட்டைத் தரையில், அதே சீரற்ற நடையில், எண்களை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இலக்கில்லாமல் அங்குமிங்கும் ஓடும் படைவீரனை யார் பார்த்திருக்கிறார்கள்?

இனி உங்கள் சிமுலேட்டருக்குள்ளேயே போவோம். என்எஸ்-2-ன் அமைப்பு ஃபைலில் ஆன்டெனாவின் உயரம் 1.5 மீட்டர் என்று இருக்கும். நிற்கும் ஒருவரின் தோள் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். சிக்னல் பரவலுக்கு நீங்கள் வழக்கமாக எடுப்பது, நேரே வரும் அலையையும் தரையில் பட்டு வரும் அலையையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம். அதன்படி, போய்ச் சேரும் சிக்னலின் வலு இரண்டு ஆன்டெனாக்களின் உயர வர்க்கங்களைப் பொறுத்துக் கூடும். தூரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் குறையும். இந்த அமைப்பில் ரேடியோவின் எட்டும் தூரம் 250 மீட்டர்.

இப்போது ஒரு துப்பாக்கிச் சூடு. எல்லோரும் தரையில் விழுந்து படுக்கிறார்கள். 1.5 மீட்டரில் இருந்த ஆன்டெனா 0.3 மீட்டருக்கு இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு உயரம். ஒருவர் மட்டும் படுத்தால் சிக்னல் 25-ல் ஒரு பங்காகக் குறையும். இருவரும் படுத்தால் 625-ல் ஒரு பங்கு. தூரக் கணக்கில், ஒருவர் படுத்தால் 250 மீட்டர் ஏறத்தாழ 112 ஆகும். இருவரும் படுத்தால் 50 ஆகும். அந்த 1500-க்கு 300 மீட்டர் களத்தில் ஒரு நோடுக்குச் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட அண்டை நோடுகள் இருந்தன. எட்டும் தூரம் 50 மீட்டரானதும் அந்தச் சராசரி ஒன்றுக்கும் கீழே போய்விடும். வலை அந்த நொடியில் துண்டு துண்டாகிறது. உதவி கேட்டுக் கூப்பிட வேண்டிய நொடியும் அதுதான்.

இதை நிரூபிக்கப் புதிய சூத்திரம் எதுவும் வேண்டாம். உங்கள் ஃபைலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். உண்மைத் தரையில் புல்லும் பாறையும் மனித உடலும் சேர்ந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். பாதை எதுவும் மிச்சமில்லாத அந்த வலையில், உங்கள் திருத்தம் ஏஓடிவியைவிட எத்தனை சதவீதம் மேல் என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

அடுத்தது நேரம். ஓஎல்எஸ்ஆர் நெறிமுறை 2003-ல் ஆர்எஃப்சி 3626 ஆக வெளிவந்தபோது, ஒவ்வொரு நோடும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று ஹலோ செய்தி அனுப்ப வேண்டும் என்றது. அண்டை நோடு பற்றிய தகவல் ஆறு விநாடி வரை செல்லுபடியாகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஆறு விநாடியில் 60 மீட்டர் போய்விடும். ஒரு மேட்டின் மறுபக்கம் மறைய 60 மீட்டர் தாராளம். வண்டி மறைந்த பிறகும் அதன் வழியாகப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருப்போம். தட்டைத் தரையில் தொடர்பு மெல்ல மங்கும். மலைப்பாங்கான இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். அண்டை நோடைக் காணோம் என்று உணர ஒரு நெறிமுறை எடுக்கும் நேரமும், தரை தொடர்பை அறுக்க எடுக்கும் நேரமும் எந்த அளவில் மோதுகின்றன என்பது தனியே ஒரு புராஜெக்டுக்குப் போதுமான கேள்வி.

நடமாட்டமும் அப்படித்தான். படை சீரற்று நடப்பதில்லை. பத்துப் பேர் ஒரு செக்‌ஷனாக, மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூனாக, ஒரு திட்டப்படி, நிலத்தின் மறைவைப் பயன்படுத்தி நகர்கிறார்கள். அதனால் நெருக்கமான சிறு கூட்டங்களும், அவற்றுக்கு நடுவே நீண்ட வெற்றிடங்களும் உருவாகின்றன. வலை அறுவது எப்போதும் அந்த வெற்றிடங்களில்தான். நீங்கள் பயன்படுத்தும் சீரற்ற நடை மாதிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு என்று 2003-லேயே காட்டிவிட்டார்கள். குறைந்தபட்ச வேகத்தைச் சுழியமாக வைத்தால், நேரம் போகப் போக நோடுகளின் சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும். நகரும் வலையைச் சோதிக்கிறோம் என்று நம்பி, மெதுவாக உறையும் வலையைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். உங்கள் சிமுலேஷனில் ஏதோ ஒரு நோடு, ஏதோ ஒரு நோடுக்கு, சீரான வேகத்தில் 512 பைட் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். களத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பொத்தானை அழுத்திப் பேசினால் குழு முழுவதும் கேட்கும் குரல். மற்றது, நான் எங்கே இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் எல்லோருக்கும் சொல்லும் இடத்தகவல். நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் நம் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழுகிறது. அதனால் இடத்தகவல் உயிர் காக்கும் தகவல். இரண்டுமே ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் போகிறவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பேர். ஒருவர் அனுப்பும்போது இன்னொருவரும் அனுப்பினால் இரண்டும் குழம்பிவிடும் நெருக்கத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 100 பைட் இடத்தகவல் அனுப்புகிறார்கள். கேட்ட ஒவ்வொருவரும் அதை ஒருமுறை திருப்பி அனுப்புகிறார்கள். விநாடிக்கு 20 தகவல்; ஒவ்வொன்றும் 40 முறை வானில் போகும்; ஆக 800 முறை. விநாடிக்கு ஒரு மெகாபிட் ரேடியோவில் 100 பைட் போக 0.8 மில்லி விநாடி ஆகும். அப்படியானால் ஒவ்வொரு விநாடியிலும் 640 மில்லி விநாடி இடத்தகவலுக்கே செலவாகிறது. பாக்கெட்டின் தலைப்பகுதி, இடைவெளி, மோதல் எதையும் சேர்க்காமலே இந்த நிலை. ஆட்களை 80 ஆக்கினால் ஒரு விநாடிக்கு 2.56 விநாடி நேரம் தேவைப்படும். ஆள் இரு மடங்கு. சுமை நான்கு மடங்கு. குரலுக்கு இடமே இல்லை.

இதற்கு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் திருப்பி அனுப்பாமல் தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் அனுப்பலாம். 2012-ல் ஆர்எஃப்சி 6621 ஆக வந்த எளிய குழுப் பரப்பல் முறை இந்த வழியில் போகிறது. தொலைவில் இருப்பவர்களுக்கு அடிக்கடி சொல்லாமல் விட்டு விட்டுச் சொல்லலாம். நகராதவர் மீண்டும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எதைச் செய்தாலும் தாண்ட முடியாத ஓர் எல்லையும் உண்டு. 1973-ல் ஐஐடி மெட்ராஸில் பி.டெக். முடித்த பி.ஆர். குமார், பியூஷ் குப்தாவோடு சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொல்கிறது. சீரற்றுச் சிதறிய நோடுகள் பல ஹாப் வழியே பேசும் வலையில், நோடுகள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துகொண்டே போகும். அவர்களின் சூத்திரத்தில் 100 நோடுகள் 400 ஆனால், ஒருவரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரூட்டிங்கில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் அந்த எல்லை அப்படியே இருக்கும். ஆகவே, எதை அனுப்பாமல் விடலாம் என்று முடிவு செய்வதும் ரூட்டிங்கின் வேலைதான்.

எதிரியைப் பற்றி நீங்கள் எழுதும்போது பெரும்பாலும் கருந்துளைத் தாக்குதலை எடுக்கிறீர்கள். ஒரு பொய் நோடு, 'என்னிடம் புத்தம் புதிய பாதை இருக்கிறது' என்று உயர்ந்த வரிசை எண்ணோடு பதில் சொல்லி, வருகிற பாக்கெட்டுகளை எல்லாம் விழுங்கிவிடும். கல்லூரி ஆய்வுக்கு நல்ல பிரச்சினைதான். ஆனால் ராணுவ ரேடியோவில் ஒவ்வொரு பாக்கெட்டும் குறியீடாக்கப்பட்டு, அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கப்பட்ட பிறகே உள்ளே வரும். சாவி இல்லாத வெளியாள் பதில் சொல்லவே முடியாது. அங்கே அச்சம் வேறு. கையில் சாவியோடு எதிரியிடம் சிக்கிய ரேடியோ. ஒரு மூலையில் கேட்ட பாக்கெட்டைப் பிரித்துப் படிக்காமலேயே இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பி, தூரத்தில் இருப்பவர்களை அண்டை நோடுகள் என்று நம்பவைக்கும் புழுத்துளை. அதற்குச் சாவியே தேவையில்லை. அலைவரிசையையே அடைக்கும் ஜாமர். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் தாக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் எதிரி.

அந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ரேடியோ எதைச் சொன்னாலும், சொன்ன இடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குறியீட்டை உடைக்க வேண்டியதில்லை. திசை காணும் கருவிகள் இரண்டு மூன்று இருந்தால் அலை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டு விநாடிக்கு ஒரு ஹலோ என்றால் மணிக்கு 1,800. பத்து மணி நேர இரவில் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமலே அவருடைய ரேடியோ 18,000 முறை தன் இடத்தை அறிவித்துவிடும். இன்னும் ஒன்று: நல்ல ரூட்டிங் நெறிமுறை நடுவில் இருக்கும் நோடையும் உயரத்தில் இருக்கும் நோடையும் விரும்பித் தேர்ந்தெடுக்கும். கூடுதலாகக் கடத்தும் நோடு கூடுதலாக வானில் இருக்கும். அது தலைமை அதிகாரியின் ரேடியோவாக இருந்தால், எங்கே அடிக்க வேண்டும் என்று எதிரிக்குச் சொல்லிக்கொடுப்பது நம் நெறிமுறைதான்.

உக்ரைன் போரைப் பாருங்கள். ரேடியோவை அடைப்பதும், அலை வரும் இடத்தைக் கண்டு அடிப்பதும் அங்கே அன்றாட வேலையாகிவிட்டன. ஜாமருக்குத் தப்ப, மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்களை இரு தரப்பும் களத்தில் இறக்கியிருக்கின்றன. கம்பியில்லாத் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகு மீண்டும் கம்பியைத் தேடுகிறார்கள் என்றால், அலைவெளியில் எவ்வளவு நெருக்கடி என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: உங்கள் முடிவு அட்டவணையில் ஒரு பத்தியைச் சேருங்கள். பாக்கெட் சேர்ந்த விகிதம், தாமதம், கூடுதல் சுமை ஆகியவற்றுக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நோடும் எத்தனை முறை, எத்தனை விநாடி வானில் இருந்தது என்று எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது. அதிகம் பேசிய நோடு எது, அது எங்கே இருந்தது என்றும் எழுதுங்கள். இந்த ஒரு பத்தி வந்தாலே, சிறந்தது என்று நாம் கொண்டாடிய பல முறைகளின் வரிசை மாறும்.

பேசாமல் இருப்பவரை வலை எப்படி நடத்துகிறது என்றும் பாருங்கள். ரேடியோ மௌனத்தில் இருப்பவர் கேட்பார். பதில் சொல்ல மாட்டார். நாம் படிக்கும் நெறிமுறைகளில் பெரும்பாலானவை இருவழித் தொடர்பு இருந்தால்தான் அண்டை நோடு என்று ஏற்கும். பதில் வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இருளில் எதிரிக்கு மிக அருகில் போய்ப் படுத்திருக்கும் ஆளை அந்த வலை செத்தவராகக் கணக்கிட்டு, அவருக்குப் போக வேண்டிய எச்சரிக்கையையும் நிறுத்திவிடும். கடற்படைகள் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறிந்தவை. கப்பல் மௌனத்தில் இருந்தாலும் செய்தியைப் பரப்பிவிட்டு, வாங்கியதற்கான ஒப்புதலைக் கப்பல் மௌனம் கலைத்த பிறகு பெற்றுக்கொள்ளும் முறையை ஏசிபி 142 என்ற நேச நாட்டுத் தரநிலை வகுத்திருக்கிறது. தரைப்படையின் பல ஹாப் வலைக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவருவது, இறுதியாண்டு மாணவர் ஒருவரால் தொடங்கக்கூடிய வேலைதான்.

இவ்வளவு செய்த பிறகும் பாதை இல்லாமல் போகும் நேரம் வரும். அப்போது ஏஓடிவி பாதை தேடி வெள்ளமாகச் செய்தி பரப்பும்; கிடைக்காது; மீண்டும் பரப்பும்; கடைசியில் பாக்கெட்டைக் கைவிடும். மௌனம் தேவைப்படும் நேரத்தில் வீணாகக் கத்திவிட்டு, செய்தியையும் தொலைத்துவிடும். மாற்று வழி, செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. ரோந்து போகும் செக்‌ஷன் ஒன்று இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நடந்து போகிறது என்றால், அந்த நடையே பாதை. ஊருக்கு ஊர் தபால் பையைச் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரர் செய்ததும் இதுதான். கோள்களுக்கு இடையேயான தகவல் தொடர்புக்காகத் தொடங்கிய இந்தச் சிந்தனை 2007-ல் ஆர்எஃப்சி 4838 ஆகவும், பிறகு பண்டில் நெறிமுறையாகவும் வடிவம் பெற்றது. எந்தச் செய்தியை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எது பழசாகிவிட்டது, பத்து நிமிடத்துக்கு முந்தைய இடத்தகவல் உதவுமா கெடுக்குமா, காயம்பட்டவர் பற்றிய செய்திக்கு எந்த முன்னுரிமை என்று கேள்விகள் நிறைய இருக்கின்றன. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நீங்கள் புரட்டும் சிவராம் மூர்த்தி, மனோஜ் எழுதிய பாடநூல் 2004-ல் வந்தது. அடிப்படைக்கு இன்றும் நல்ல நூல். அதை முடித்த கையோடு பண்டில் நெறிமுறையையும் படியுங்கள்.

களத்தைத் தாளில் மட்டும் பார்த்தால் வரும் இழப்பு சிறியதல்ல. அமெரிக்க ராணுவம் 1997-ல் தொடங்கிய ஜேடிஆர்எஸ் திட்டம், படையின் பலவகை ரேடியோக்களுக்குப் பதிலாக மென்பொருளால் இயங்கும் ஒரே குடும்ப ரேடியோவைக் கொண்டுவர முயன்றது. வண்டிகளுக்கான ரேடியோவில் தானாக அமையும் அகலப்பட்டை வலை ஓட வேண்டும் என்பது திட்டம். தேவைகள் கூடின, செலவு கூடியது. 2011 அக்டோபரில் வண்டி ரேடியோத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு பணமும் அறிவும் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், நாம் இன்னும் அடக்கத்தோடு தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

தரையிலிருந்து தொடங்க உங்களுக்கு ராணுவ ரேடியோ தேவையில்லை. 2003-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் சுமார் 40 மடிக்கணினிகளை ஆட்களிடம் கொடுத்து ஒரு மைதானத்தில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். உலகம் தட்டை, சிக்னல் வட்டமாகப் பரவும், நான் உன்னைக் கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய் என்று சிமுலேஷன்களில் நாம் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் நம்பிக்கைகள் அங்கே ஒவ்வொன்றாக உடைந்தன. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்வீடனின் உப்சாலாவில் இன்னொன்றைக் கண்டார்கள். சிறியதான, மெதுவான வேகத்தில் போகும் ஹலோ செய்தி எட்டும் தூரத்துக்குப் பெரிய டேட்டா பாக்கெட் எட்டுவதில்லை. அண்டை நோடு இருப்பதாகப் பட்டியல் சொல்லும். அனுப்பினால் எதுவும் போய்ச் சேராது. இப்படிப்பட்ட சாம்பல் பகுதிகள் சிமுலேஷனில் தாமாகத் தெரியவில்லை. வராந்தாவில் கணினியோடு நடந்தபோது தெரிந்தன.

உங்கள் வளாகத்திலும் வராந்தா உண்டு, மைதானம் உண்டு, மரங்கள் உண்டு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வரையறுக்கப்பட்ட சக்திக்குள் உரிமம் இல்லாமல் இயக்கலாம். லோரா சிப் வைத்த சிறு பலகைகள் மாணவர்கள் பணம் போட்டு வாங்கும் விலையில் கிடைக்கின்றன. அவற்றில் ஓடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருள், கட்டுப்படுத்திய பரப்பல் முறையில் வேலை செய்கிறது. தொலைவில் கேட்ட நோடு முதலில் திருப்பி அனுப்பும். அதைக் கேட்ட மற்றவை தம் முறையை விட்டுக்கொடுக்கும். எட்டுப் பலகைகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். ஒருமுறை எல்லோரும் நின்றுகொண்டு அளவெடுங்கள். அடுத்த முறை எல்லோரும் தரையில் படுத்து அளவெடுங்கள். நான் மேலே போட்ட கணக்கு அலைநீளத்தையும் தரையையும் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே எனக்குச் சொல்வீர்கள்.

சிமுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு ரேடியோவை மைதானத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் என்எஸ்-3 இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வழங்கும் கோர், ஈமேன் என்ற இலவச எமுலேஷன் கருவிகள் இருக்கின்றன. 2000-ல் எண்டெவர் விண்கலம் ராடாரால் அளந்த நிலவுயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. தட்டைத் தரைக்குப் பதிலாக மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பள்ளத்தாக்கையாவது வைத்து ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் முடிவு கட்டாமல், வேறு வேறு தொடக்க எண்களோடு பலமுறை ஓட்டிப் பிழை எல்லையையும் வரையுங்கள். 2000 முதல் 2005 வரை மோபிஹாக் மாநாட்டில் வந்த 151 கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியிருந்ததையும், திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் தந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் கண்டார்கள். உலகின் முன்னணி மாநாட்டிலேயே அந்த நிலை. உங்கள் ஃபைல்களை எல்லாம் ரிப்போர்ட்டோடு கொடுத்துவிட்டால் அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அவர்களைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள்.

கைடுகளாக இருக்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'முடிவு பழைய முறையைவிடக் கூடுதலாக வர வேண்டும்' என்ற எதிர்பார்ப்பை நாம்தான் வளர்த்துவிட்டோம். அந்த எதிர்பார்ப்பு இருக்கும்வரை மாணவர் தட்டைத் தரையை விட்டு வெளியே வரமாட்டார். வந்தால் எண்கள் சரியும். சரிந்த எண்ணுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் ரிப்போர்ட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்க நாம் தயாராக வேண்டும். நல்ல பொறியாளரை உருவாக்குவது அந்தக் காரணம் தேடும் உழைப்புதான்.

மாணவர்களே, நீங்கள் செய்யும் இந்த வேலை படைக்கு மட்டும் உரியதும் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் இருளில் கிடந்த ஊர்கள் உண்டு. மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் நெடுநேரம் தாங்காது. துண்டு துண்டாகிவிட்ட வலை, மிச்சம் பிடிக்க வேண்டிய பேட்டரி, எல்லோருக்கும் சேர வேண்டிய எச்சரிக்கை என்று அங்கேயும் இதே கேள்விகள்தான். எதிரி மட்டும் இல்லை. படைவீரனுக்காக நேர்மையாகத் தீர்த்த பிரச்சினை மீனவருக்கும் மீட்புக் குழுவுக்கும் பயன்படும்.

உங்களில் சிலர் நாளை ரேடியோ வடிவமைக்கும் ஆய்வகங்களிலும் நிறுவனங்களிலும் சேர்வீர்கள். அங்கே நீங்கள் எழுதும் வரிகள் ஒருவருடைய முதுகில் தொங்கும் பெட்டிக்குள் ஓடும். அந்தப் பெட்டி வேலை செய்யும் என்று நம்பித்தான் அவர் மேட்டைத் தாண்டி அடி எடுத்து வைப்பார். அந்த நம்பிக்கைக்கு உரியவராகும் பழக்கத்தை இந்தப் புராஜெக்டிலேயே தொடங்குங்கள்.

ஆன்டெனாவின் உயரத்தை மாற்றுங்கள். ஒரு மலையைச் சேருங்கள். வானில் இருந்த நேரத்தை எண்ணுங்கள். பாதை இல்லாதபோது உங்கள் நெறிமுறை என்ன செய்கிறது என்று ஒரு அத்தியாயம் எழுதுங்கள். அடுத்த வைவாவில் என் எதிரே உட்காரும்போது உங்கள் கிராஃப் கீழே இறங்கியிருந்தால் அஞ்ச வேண்டாம். அது ஏன் இறங்கியது என்று சொல்லுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் தேர்வாளர்களில் ஒருவன்